இடது கைக் காப்பு

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமையிலிருந்து காமு முழுக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அதுதான். ஆடி மாதப் புழுக்கத்தில் இது எதற்கு என்று கீதா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இதுதான் உடுப்பு, பழகிக்கொள்கிறேன் என்றாள் மகள். கீதா நம்பினாள்.

நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை. மகள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது குறைவு. அதன் பெயர் சாஃப்ட்பால். காமு பிட்சர், பந்து போடுகிறவள். கையைப் பெரிய வட்டமாகச் சுற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடுவாள். எதிரில் மட்டையோடு நிற்பவள் பெரும்பாலும் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போவாள். இதையும் கீதா செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவர்கள் ஊரான வேங்கைவாசலில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, காமு இடது கைக்காரி. அவளுடைய அப்பா ஜெயவேலு சிமென்ட், கம்பி வியாபாரம் செய்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கு முன்னால் மகளைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

"பீச்சாங்கையாலயே போட்டு ஒவ்வொரு ஸ்டேட்டா வூட்டுக்கு அனுப்பிச்சிகினு கீறா எம்பொண்ணு."

அவர் மிகைப்படுத்தவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே காமு மாநில அணியில் இருந்தாள். இரண்டாம் வருடம் கேரளப் பெண்கள் ஓர் ஆட்டம் முழுக்க அவளுடைய பந்தில் ஒரு தடவைகூட, அடித்தவள் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸைத் தொடவில்லை. அந்த ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பெண்களே வரிசையில் வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது.

அழைப்பு வந்த சில நாட்களில் தோள் போனது. புவனேஸ்வரத்தில், பல்கலைக்கழகங்களுக்கான போட்டியில், ஒரு பந்தை விட்ட கையோடு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி போடலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். முகாமுக்கு வேறொருத்தி போனாள்.

கீதா அங்காளம்மன் கோயிலுக்குப் போனாள். கை சரியானால் வருகிற ஆடியில் என் மகள் காப்புக் கட்டிக்கொண்டு பால்குடம் எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டாள். காமுவைக் கேட்டுக்கொண்டு வேண்டவில்லை.

கை சரியானது. தேர்வுக் குழுவுக்கு அது போதவில்லை. ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்தை அவள் ஒருத்தியே போட்டு முடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். மாநிலக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வியாழக்கிழமை நடக்க வேண்டியது. மழை பெய்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. ஊரில் காப்புக் கட்டும் நாள்.

பூசாரி ஆண்களுக்கு வலது கையிலும் பெண்களுக்கு இடது கையிலும் கட்டிக்கொண்டே வந்தார். காமுவும் இடது கையை நீட்டினாள். மஞ்சள் நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு, வேப்பிலை. பக்கத்தில் கீதா கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தாள். காமு அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

பந்து போடும் கையில் எதையும் கட்டியிருக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. காமுவுக்கு அது பள்ளி நாட்களிலிருந்தே தெரியும்.

*

காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. ஊரில் பாதிப் பேர் நாவலூருக்கும் சிறுசேரிக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு விழாக் கமிட்டி அதைத் திருத்தியது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். கமிட்டியின் தலைவர் ஜெயவேலு. திருத்தத்தை அவரிடம் கேட்டு வாங்கியது அவர் மகன் முகிலன். அவனுக்கு நாவலூரில்தான் வேலை.

சாப்பாட்டில் யாரும் திருத்தம் கேட்கவில்லை. காப்புக் கட்டியவள் வெளிச்சோறு தின்னக் கூடாது. அதனால்தான் கீதா ஞாயிற்றுக்கிழமை மதியம் தயிர்சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு முகிலனின் காரில் காட்டாங்குளத்தூருக்குப் புறப்பட்டாள். காமு காலையிலேயே கல்லூரி வேனில் போயிருந்தாள்.

மகள் ஆடுவதைக் கீதா நேரில் பார்த்ததில்லை. ஜெயவேலுவும் பார்த்ததில்லை. போட்டிகள் எல்லாம் வெளியூரில் நடந்தன. உள்ளூரில் நடந்தபோது கடை இருந்தது, யார் வீட்டுக் கல்யாணமாவது இருந்தது.

மைதானத்தில் சிமென்ட் படியில் இடம் பிடித்தார்கள். தனசிங் சார் வேலி ஓரமாக வந்து வணக்கம் சொன்னார். காமுவின் பயிற்சியாளர். சாத்தான்குளத்துக்காரர். தாம்பரத்தில் இருபது வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"பிள்ளைக்குச் சோறா? ஆட்டம் முடியட்டும்மா. வயித்துல ஒண்ணுமில்லாமத்தான் அது நல்லா போடும்."

எதிரே ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு பெண்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். நீல நிறக் கோட்டு. அவர்கள்தான் தேர்வுக் குழு என்று முகிலன் காட்டினான்.

ஆட்டம் ஆரம்பித்தது. கோவைக் கல்லூரி முதலில் மட்டை பிடித்தது. சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்கு நடுவில் காமு நின்றாள். எதிரே மட்டைக்காரி. அவளுக்குப் பின்னால் முகமூடி போட்டுக்கொண்டு ஜெயஸ்ரீ குந்தியிருந்தாள். பள்ளிக்கரணைப் பெண். மூன்று வருடமாகக் காமுவின் பந்தைப் பிடிப்பவள் அவள்தான்.

காமுவின் கை ஒரு தடவை சுற்றியது.

"பந்து எங்கடா?" என்றாள் கீதா.

"போட்டுட்டாமா."

"எப்போ?"

"அது ஜெயஸ்ரீ கையில கீது பாரு."

கீதா மூன்றாவது மட்டைக்காரி வந்த பிறகுதான் பந்தைப் பார்த்தாள். அதையும் முழுதாகப் பார்க்கவில்லை. மஞ்சளாக ஒரு கோடு. ஜெயஸ்ரீயின் கையுறையில் சத்தம். மட்டைக்காரி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

பிறகு பந்தை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். வீட்டில் துண்டைக் காணோம், சீப்பைக் காணோம் என்று கத்துகிறவள் இங்கே அசையாமல் நின்றாள். தோள் இரண்டும் இறங்கியிருந்தன. ஜெயஸ்ரீயின் விரலைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். வலது கால் நீண்டு போய் ஊன்றியது. இடது கை மேலே போய், பின்னால் இறங்கி, இடுப்பருகே ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். அவசரமே இல்லை. ஆனால் மட்டை வீசப்படும்போது பந்து தாண்டிப் போயிருந்தது.

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் போடறா" என்றாள் கீதா.

"அதான்மா அவ ஸ்பெஷாலிட்டி. கை ஒரே மாதிரி வரும். பந்துதான் வேற வேற. ஒண்ணு கீழ விழும், ஒண்ணு பாதில நின்னுடும். நம்மளாலயே கண்டுபிடிக்க முடியல, அவங்க பாவம் இன்னா பண்ணுவாங்க."

மூன்று இன்னிங்ஸ் போனது. கோவைப் பெண்கள் ஒருத்தியும் முதல் பேஸுக்குப் போகவில்லை. ஷாமியானாவில் ஒரு பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கீதாவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தகப்பன், அந்தப் பிட்சர் யார் என்று முகிலனிடம் கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் கீதா சொல்லிவிட்டாள்.

*

நான்காவது இன்னிங்ஸில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கைமுனையில் இருந்த எலாஸ்டிக் வியர்வையில் தளர்ந்தது. கை சுற்றும்போது சட்டைக் கை மேலே ஏறியது. காமு இறக்கிவிட்டாள். அடுத்த பந்துக்கு மறுபடி ஏறியது.

மட்டைக்காரி கையைத் தூக்கிவிட்டு விலகி நின்றாள்.

கோவைப் பயிற்சியாளர் அம்பயரிடம் வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பந்தும் மஞ்சளுங்க, அந்தப் புள்ள கையில இருக்கறதும் மஞ்சளுங்க. எங்க புள்ளைங்களுக்கு ரெண்டு பந்து வர்ற மாதிரி தெரியுதுங்க."

அம்பயர் காமுவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னாள். சட்டையை ஒதுக்கிப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. பிறகு தனசிங்கிடம், இதைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு பிட்சரை இறக்குங்கள் என்றாள்.

படியில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. முகிலனுக்குத் தெரிந்தது. அவன் விதியைச் சொன்னான். கீதா கேட்டுக்கொண்டாள்.

வட்டத்துக்கு நடுவில் தனசிங் காமுவோடு நின்றார். அவர் சங்கடப்பட்டார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"கழட்டுன்னு நான் சொல்ல மாட்டேன் பிள்ள. நான் சொன்னா நாளைக்கு அது வேற பேச்சாயிரும். கட்டியிருன்னும் சொல்ல முடியல. அந்தா ரெண்டு பேரு உன்னையத்தான் பாத்துட்டு இருக்காவ."

"எங்கம்மா வந்துகீறாங்க சார். கேட்டுட்டு வரேன்."

அம்பயர் தண்ணீர் குடிக்க இடைவேளை விட்டாள். காமு வேலிக்கு வந்தாள். ஓடிவரவில்லை. கீதா படியிலிருந்து இறங்கி வந்து மறுபக்கம் நின்றாள். நடுவில் கம்பிவலை.

"மா, இத்த எடுக்கணுமாம்."

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"கட்டறப்பயே தெரியுமா?"

"ம்."

"ஏன்டி சொல்லல?"

"நீ கண்ண மூடிகினு இருந்த."

காமு கம்பிவலையில் விரலைக் கோத்துக்கொண்டாள்.

"வேண்டிகினது நீதான்மா. நீ சொல்றதுதான். வேணாம்னா பந்த ஜூனியர் கையில குட்துட்டு வந்துடறேன். ஒண்ணும் அழமாட்டேன்."

"அப்ப அவங்க?"

காமு ஷாமியானா பக்கம் திரும்பவில்லை. "அவங்களுக்கு ஃபுல் மேட்ச் வேணும். பாதில எறங்கினா கை தாங்கலன்னுதான் எழுதுவாங்க. கயிறுன்னு எழுத மாட்டாங்க."

முகிலன் போனை எடுத்தான். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றான்.

"உள்ள வை" என்றாள் கீதா.

காப்பைப் பாதியில் அவிழ்த்தால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் ஆனதில்லை. யாரும் அவிழ்த்ததில்லை. கை கொடுத்தவள் கையை எடுத்துக்கொள்வாள் என்பார்கள். கீதாவும் இத்தனை வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

வேலியில் ஒரு கதவு இருந்தது. பூட்டியிருந்தது. கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

"கைய உடு" என்றாள் கீதா.

காமு இடது கையை இடைவெளியில் விட்டாள். கீதா அதைப் பிடித்தாள். வீட்டில் தினமும் பார்க்கிற கைதான். பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மணிக்கட்டு ஆண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி இருந்தது. முன்கையின் உட்பக்கத்தில், சுற்றும்போது இடுப்பில் உரசுகிற இடம், கன்றிப் பழுத்துக் கிடந்தது. விரல் நுனிகள் காய்த்திருந்தன. சின்ன வயதில் சோற்றுத் தட்டில் இந்தக் கையை அடித்து அடித்துத்தான் வலது கைக்குப் பழக்கினாள். சோறு மட்டும் மாறியது. மற்றதெல்லாம் இந்தக் கையோடு நின்றுவிட்டது.

ஜெயஸ்ரீ முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இரும்பு படக்கூடாது" என்றாள் கீதா.

முடிச்சை நகத்தால் நெம்பினாள். மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து நூல் உப்பி இறுகியிருந்தது. முதல் முடிச்சு அசையவில்லை. அம்பயர் வேலிப் பக்கம் பார்த்தாள். தனசிங் வந்து பார்த்துவிட்டு அம்பயரிடம் போய் ஏதோ பேச்சுக் கொடுத்தார்.

"சீக்கிரம்மா" என்றான் முகிலன்.

"பேஜார் பண்ணாத."

கீதா குனிந்து முடிச்சைப் பல்லில் பிடித்தாள். முதல் முடிச்சு வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது தானாக விட்டது. மகளின் மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் நின்றது. கீதா அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

நூல் அவள் கையில் இருந்தது. அதைத் தூக்குவாளிக்குள் போடுவாள், இல்லை கண்ணில் ஒற்றி எடுத்து வைத்துக்கொள்வாள் என்று முகிலன் நினைத்தான்.

"அந்தக் கைய நீட்டு" என்றாள்.

காமு கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை இடைவெளியில் விட்டாள்.

"பொம்பளைங்களுக்கு அதுல கட்ட மாட்டாங்களேமா" என்றான் முகிலன்.

"வேலை செய்யாத கையிலதான்டா கட்டறது. இவளுக்கு அது இதுதான்."

மூன்று முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அம்மன் பெயரை முணுமுணுத்தாள். கடைசி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

"போ."

காமு கையுறையை அதன்மேல் மாட்டிக்கொண்டாள். அம்பயர் இடது கையைப் பார்த்தாள். சரி என்றாள்.

கீதா படியில் வந்து உட்கார்ந்தாள். முகிலன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

*

முதல் பந்து தரையில் விழுந்தது. இரண்டாவது மட்டைக்காரியின் தலைக்கு மேலே போனது. மூன்றாவதை ஜெயஸ்ரீ பாய்ந்து பிடித்தாள். நான்காவதும் வெளியே போனது. நான்கு பந்து அப்படிப் போனால் விதிப்படி அடிக்காமலே போகலாம்; அந்தப் பெண் முதல் பேஸுக்கு நடந்து போனாள். அந்த ஆட்டத்தில் அங்கே போன முதல் ஆள் அவள்தான்.

முகிலன் கீதாவின் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான். ஷாமியானாவில் ஒருத்தி மற்றவள் காதில் ஏதோ சொன்னாள்.

காமு வட்டத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து மண்ணை எடுத்தாள். இடது உள்ளங்கையில் தேய்த்தாள். அப்படியே நின்று எதையும் பார்க்காமல் இருந்தாள். தனசிங் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தாள். கை சுற்றியது. கீதா பந்தைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. அடுத்ததிலும் சத்தம்தான் கேட்டது.

"ஸ்ட்ரைக்" என்றான் முகிலன். "மா, ஸ்ட்ரைக். அடிக்க முடியல அவங்களால. மூச்ச உடு."

அந்தப் பெண் முதல் பேஸிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஐந்தாவதில் காமுவின் அணி மட்டை பிடித்தபோது ஜெயஸ்ரீ அடித்த ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து உருண்டது. ஒரு ரன் வந்தது. அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே ரன். ஆறாவது இன்னிங்ஸில் வெயில் இறங்க ஆரம்பித்தது. காமு தோளை இரண்டு தடவை சுழற்றிப் பார்த்துக்கொண்டாள். தனசிங் இப்போது எழுந்து நின்றார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஏழாவதில் இரண்டு பேரை அனுப்பிவிட்டாள்; இன்னும் ஒருத்தி போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவதாக வந்த பெண் எப்படியோ பந்தைத் தட்டிவிட்டு ஓடினாள். தடுத்தவள் தவறவிட்டாள். ஓடினவள் இரண்டாம் பேஸ் வரை போய்விட்டாள். அடுத்து வந்தவள் கோவை அணியின் தலைவி. உயரமான பெண். மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

காமு அவளுக்குப் போட்ட பந்துகள் அடிபட்டு பக்கவாட்டில், கோட்டுக்கு வெளியே, வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன; அவை ரன்னிலும் சேராது, அவுட்டிலும் சேராது. ஒன்று. இன்னொன்று. மறுபடி ஒன்று. அந்தப் பெண் விடவில்லை. இவளும் விடவில்லை. படியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை.

ஜெயஸ்ரீ விரலைக் காட்டினாள். காமு தலையை ஆட்டி மறுத்தாள். ஜெயஸ்ரீ வேறு விரலைக் காட்டினாள். அதையும் மறுத்தாள். ஜெயஸ்ரீ கொஞ்சம் தயங்கினாள். பிறகு கட்டைவிரலை மேலே காட்டினாள்.

"ஐயோ, அது வேணாம்" என்றான் முகிலன்.

"எது?"

"மேல எழும்பற பந்து. தோள் போனதுலேந்து அவ அத்த போட்டதேயில்ல. சார் போடக் கூடாதுன்னு வெச்சிருந்தாரு."

கீதா கையில் இருந்த பாட்டிலை இறுகப் பிடித்தாள்.

கை சுற்றியது. பந்து அந்தப் பெண்ணின் இடுப்பு உயரத்தில் வந்தது. அவள் அதற்காகவே காத்திருந்தவள் போல முழு வீச்சாக வீசினாள். வருகிற வழியில் பந்து எழும்பியது. கீதா இந்தத் தடவை தெளிவாகப் பார்த்தாள். கீழே விழ வேண்டியது மேலே ஏறியது. மட்டை அதற்குக் கீழே போனது. ஜெயஸ்ரீ குந்தின இடத்திலிருந்து எழுந்து நின்று அதைப் பிடித்தாள்.

கோவைத் தலைவி மட்டையைக் கீழே வைத்தாள். வட்டத்துக்கு நடந்து போய்க் காமுவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

*

நீலக் கோட்டுப் பெண்கள் அதிகம் பேசவில்லை. ஒருத்தி காமுவின் தோளைத் தொட்டு, தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லிப் பார்த்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் காமு. இல்லை என்று சொல்லியிருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்றாள் அந்தப் பெண். முகாம் பெங்களூரில். வியாழக்கிழமை மாலைக்குள் வந்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் இடம் வேறொருத்திக்கு.

தனசிங் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வைதான் என்றார்.

காரில் காமு பின்சீட்டில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். வலது கையால் அள்ளி அள்ளித் தின்றாள். பாதி தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

வண்டலூர் தாண்டியதும் போக்குவரத்து நின்றுவிட்டது. பெருங்களத்தூர் வரைக்கும் சிவப்பு விளக்காகத் தெரிந்தது. முகிலன் வானத்தைப் பார்த்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது, கொஞ்சம்தான்.

பால்குடம் வெள்ளிக்கிழமை. கீதா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முகாமுக்குப் போனால் வியாழன் இரவு மகள் ஊரில் இருக்க மாட்டாள்.

அவள் போன் அடித்தது. ஜெயவேலு. பின்னால் உடுக்கைச் சத்தமும் ஸ்பீக்கர் பாட்டும் கேட்டன.

"எங்க கீறீங்க?"

"வண்டலூரு. நிக்குது."

"இவன் காலைல லிங்க்கு ஒண்ணு அனுப்பிச்சான். மேட்ச் நேரா தெரியும்னு. கோயில் முன்னாடி பெரிய ஸ்கிரீன் போட்டுக் கீறோம்ல, அதுல போடச் சொன்னேன். ஊரே பாக்கட்டும்னு."

கீதா முகிலனைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும். நீ பல்லால அவுத்தது வரிக்கும். அந்தக் கேமராக்காரன் வேற பக்கமே திருப்பல."

"பூசாரி இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு எழுந்து போய்ட்டாரு. கமிட்டில பாதிப் பேர் அவர் பின்னாலயே போய்ட்டானுங்க."

"நீங்க?"

யாரோ ஸ்பீக்கரைக் குறைத்தார்கள்.

"நானு கடைசி அவுட்டு வரிக்கும் குந்திகினு இருந்தேன்" என்றார். "அவ்ளோ பெரிய சேர் வரிசைல என்னியும் சேத்து நாலஞ்சு பேரு. கீதா, அந்தக் கடைசிப் பந்து மேல ஏறிச்சி பாத்தியா?"

"பாத்தேன்."

"அது எப்டி ஏறுது?"

"தெரில. எழுந்ததும் அவளயே கேளுங்க. தூங்கறா."

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. முகிலன் கியரைப் போட்டான். கீதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு கீது. முகாமுக்குக் கூப்ட்டுட்டாங்க. பெங்களூரு. வியாழக்கிழமையே போவணும்."

"பால்குடம் வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"காப்பு கட்டினவ ராத்திரி ஊர்ல இர்க்கணும். நான் போட்ட ரூலுதான் அது."

"அதுவும் தெரியும்."

ஜெயவேலு போனை வைக்கவில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தூரத்தில், வேறு யாரிடமோ.

"ஏம்பா, பூசாரி வூட்டுக்குப் போயி அவர கையோட கூட்டிகினு வா. எழுந்து போனவனுங்களயும் கூப்புடு. எம்பொண்ணு ஊருக்குள்ள வரதுக்கு முன்னாடி கூட்டம் போடணும்னு சொல்லு. தலைவரு கேக்கறாரு, பால்குட நாளப் பத்தி பேசணும்னு சொல்லு."